விளிம்பில் தெரியும் வெள்ளி

தங்கமும் வெள்ளியும் ஒட்டிய தகட்டில் நகை செய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்களில் பெரும்பாலோர் அதை முலாம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். இது முலாம் அன்று. முலாம் பூசும்போது, வேலை முடிந்த நகையின் மேல் மின்சாரத்தின் உதவியால் தங்கம் படிகிறது; அதன் கனம் பெரும்பாலும் அரை மைக்ரானிலிருந்து இரண்டு மூன்று மைக்ரானுக்குள் அடங்கிவிடும் (மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நான் எடுத்து வேலை செய்யும் தகட்டிலோ 22 காரட் தங்கத் தகடு ஒன்றும் 925 வெள்ளித் தகடு ஒன்றும், இடையில் பற்றவைக்கும் பொடியோ பசையோ ஏதும் இல்லாமல், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு உருளை இயந்திரத்தில் சேர்ந்தே மெலிந்து வந்திருக்கின்றன. பத்தில் ஒரு பங்கு தங்கம் வைத்த தகடு அரை மில்லிமீட்டருக்கு இறங்கிய பிறகும் அதில் ஐம்பது மைக்ரான் தங்கம் நிற்கும். கனமாகப் பூசிய முலாமைவிடவும் அது பதினைந்து மடங்குக்கு மேல். எங்கள் பட்டறையில் இதை இரட்டைத் தகடு என்று சொல்லிப் பழகிவிட்டது. இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தகட்டில் எல்லா முடிவுகளும் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. ஐந்து சென்டிமீட்டர் நீளமும் இரண்டு சென்டிமீட்டர் அகலமும் ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஒரு துண்டு சரியாக ஒரு கன சென்டிமீட்டர் வரும். அது முழுக்க 22 காரட் தங்கமாக இருந்தால் சுமார் 17.7 கிராம் நிற்கும். சவரன் கணக்கில் இரண்டேகாலுக்குச் சற்றுக் குறைவு. அதே துண்டு இரட்டைத் தகடாக இருந்து, தங்கம் பத்தில் ஒரு பங்கு தடிப்பில் மட்டும் இருந்தால், தங்கம் 1.77 கிராம், அதாவது கால் சவரனுக்கும் குறைவு. வெள்ளி ஒன்பதரை கிராமுக்குச் சற்றுக் கீழே. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 11.1 கிராம். தடிப்பில் பத்துச் சதவீதமாக இருக்கும் தங்கம் எடையில் பதினாறு சதவீதமாகிவிடுவதற்குக் காரணம், தங்கம் வெள்ளியைவிட அவ்வளவு கனமான உலோகம் என்பதுதான். விலை பேசும்போது இந்த இரண்டு சதவீதங்களையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. எடைப் பங்கையே எழுதித் தரச் சொல்லி வாங்குவதுதான் முறை.

இவை இரண்டும் இவ்வளவு இணக்கமாக ஒட்டிக்கொள்வது தற்செயல் அன்று. தங்கத்திலும் வெள்ளியிலும் அணுக்கள் ஒரே விதமான அடுக்கில் அமைந்திருக்கின்றன. அந்த அடுக்கின் அளவும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆகையால் எந்த விகிதத்தில் கலந்தாலும் இவை ஒன்றில் ஒன்று முழுமையாகக் கரையும். தூய தங்கம் உருகுவது 1064 டிகிரியில், தூய வெள்ளி 962 டிகிரியில். ஆனால் இரண்டையும் ஒட்ட வைக்க எதையும் உருக்க வேண்டியதில்லை. இரு தகடுகளின் முகங்களையும் எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் தேய்த்துக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் இரும்புத் தகடுகளை வைத்து இறுக்கி, இரும்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் காவிமண் குழம்பு பூசி, காற்று அதிகம் படாத கரி உலையில் வெள்ளி உருகத் தொடங்கும் நிலைக்குக் கீழாகவே நிறுத்தி வைத்தால், எல்லையில் இருக்கும் அணுக்கள் இடம் மாறிக்கொள்கின்றன. ஆறிய பிறகு அங்கே இணைப்பு என்று தனியாக ஒன்று இராது. நான் இதைக் கோயம்புத்தூரில் ஓர் ஆசாரியின் பட்டறையில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். இப்போதும் பெரிய தகடு வேண்டுமென்றால் அவரிடமே ஒட்டி வாங்கி, மெலிப்பதை மட்டும் குன்னூரில் செய்கிறேன்.

வெளிநாட்டு நுட்பம் என்று இதைப் பற்றிச் சொல்பவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திக் கொல்லரான தாமஸ் போல்சோவர் செம்பின் மேல் வெள்ளியை ஒட்டித் தகடாக உருட்டியதையும், அதற்கு முன்பே ஜப்பானில் டென்பெய் ஷோவாமி பல நிற உலோகங்களை அடுக்கி மரவரி போன்ற கோலம் எடுத்ததையும் எடுத்துக்காட்டுவார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் நமக்கு இன்னும் நெருங்கிய உறவு சரிகை. மின்முலாம் வருவதற்கு முந்தைய முறையில் வெள்ளிக் கோலின் மேல் தங்க இலையைச் சுற்றிச் சூடேற்றி ஒட்டவைத்து, பிறகு அதைக் கம்பியச்சின் துளைகள் வழியாக ஒவ்வொன்றாக இழுத்து, மயிரிழைக்கும் மெல்லியதாக ஆக்குவார்கள். கோல் எத்தனை மடங்கு நீண்டாலும் தங்கம் வெள்ளியை விட்டு விலகாமல் கூடவே நீண்டு வரும். பட்டுப் புடவையின் முந்தானையில் நம் பாட்டிமார் உடுத்தியது இரட்டை உலோகம்தான்; நான் செய்வது அதையே தகடாக விரித்து வைத்த வேலை.

உருட்டும் வேலை சற்றுப் பொறுமை கேட்பது. இரண்டு உலோகங்களும் ஒரே அளவு நீளுவதில்லை. எது சற்று மென்மையாக இருக்கிறதோ அது அதிகம் நீள, தகடு மறுபக்கமாகச் சுருண்டுகொண்டு வெளியே வரும். ஒவ்வொரு முறையும் தகட்டைப் புரட்டிவிட்டு, உருளைகளைச் சிறிது சிறிதாக மட்டும் நெருக்கினால் சுருள்வது பெருமளவு அடங்கும். சூட்டிலும் இதே பிணக்கு உண்டு. வெப்பத்தில் வெள்ளி விரிவது தங்கம் விரிவதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்பதால், தகடு சூடேறும்போது தங்கப் பக்கம் குழியும், பழுக்கக் காய்ந்து ஆறும்போது வெள்ளிப் பக்கம் குழியும். முதன்முதலில் இதைப் பார்ப்பவர்கள் ஒட்டு விட்டுப்போகிறது என்று பதறிச் சுத்தியலைத் தேடுவார்கள். ஒட்டு எங்கும் போகவில்லை; ஆறியபின் மரக்கட்டையின் மேல் வைத்துத் தோல் சுத்தியலால் தட்டினால் படிந்துவிடும்.

மலையில் வேலை செய்பவர்களுக்கு உருளை இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டறைக்குள்ளேயே பனிமூட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உருளைகளில் எண்ணெய் தடவாமல் ஓர் இரவு விட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத அளவு துரு ஏறி, மறுநாள் உருட்டும் தகட்டில் அம்மைத் தழும்பாகப் பதியும். வெள்ளித் தகடாக இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். ஐம்பது மைக்ரான் தங்கத்தில் தேய்ப்பதற்கு ஏது இடம்? ஆகவே வேலை முடிந்ததும் எண்ணெய், வேலை தொடங்கும் முன் ஸ்பிரிட்டில் நனைத்த துணி. மழைக்காலத்தில் இதில் விதிவிலக்கே வைத்துக்கொள்வதில்லை.

தீயின் கதை வேறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எரிவாயுவோடு ஊதுகாற்றைச் சேர்த்து எரிக்கும் விளக்கில் அதே சூட்டைப் பெறக் காற்றைச் சற்றுக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கிறது. மார்கழி, தை மாதக் காலைகளில் சிலிண்டரும் முரண்டு பிடிக்கும். சமையல் எரிவாயுவில் இருக்கும் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஆனால் பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்துக்கு அரை டிகிரி மட்டுமே கீழே. குளிர்ந்த அறையில் தொடர்ந்து வேகமாக எரித்தால் உள்ளே இருக்கும் திரவம் தானும் குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, தீ சோர்ந்துபோகிறது. சிலிண்டரை நெருப்பின் பக்கம் நகர்த்தும் வேலையை யாரும் செய்யக் கூடாது. பெரிய வேலைகளை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்வதே எங்கள் வழக்கம். ஒரு நன்மையும் உண்டு: பனிமூட்டத்தால் அறை அரையிருட்டாக இருக்கும் நாளில் தகட்டின் மங்கிய செந்நிறத்தைக் கண் தெளிவாகப் பிடிக்கும். உருட்டி இறுகிய தகட்டை மறுபடி மென்மையாக்கப் பதப்படுத்துவதற்கு 600 முதல் 650 டிகிரி போதும். அந்தச் செம்மையை வெளிச்சமான அறையில் தேடினால் சூடு கட்டாயம் மிஞ்சிப்போகும்.

சூடு மிஞ்சுவதில் இருவகை ஆபத்து உண்டு. சுமார் 800 டிகிரியைத் தாண்டினால் 925 வெள்ளியின் உட்புறத்தில் ஒரு பகுதி உருகத் தொடங்கி, மேலே இருக்கும் தங்கம் சுருக்கம் விழுந்து அமிழ்ந்துவிடும். இது கண்முன்னே நடக்கும் கேடு. மற்றொன்று மெதுவானது. முதலில் ஒட்டவைத்த அதே அணுப் பரிமாற்றம் ஒவ்வொரு முறை சூடேற்றும்போதும் தொடர்கிறது. நீண்ட நேரம் செம்மையில் வைத்துக்கொண்டே இருந்தால் வெள்ளி மேலேறி, தங்கத்தின் நிறம் வெளுத்து, எலுமிச்சை மஞ்சளாகிவிடும். ஆகவே மெலிப்பதற்குப் பதப்படுத்துவது, வளைப்பதற்குப் பதப்படுத்துவது, பற்றவைப்பது என்று எத்தனை முறை தீ தேவைப்படும் என்பதை வரைபடத்திலேயே எண்ணி, எதைச் சேர்த்துச் செய்யலாம் என்று யோசித்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுக்க வேண்டும். தீயைக் குறைக்கிற வடிவமே நல்ல வடிவம் என்பது இந்தத் தகட்டைப் பொறுத்தவரை மிகையான பேச்சு அன்று.

இனி விளிம்புக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இரட்டைத் தகட்டை எங்கே அறுத்தாலும் அறுபட்ட இடத்தில் வெள்ளி தெரியும். மேலிருந்து பார்த்தால் தங்கம், பக்கவாட்டில் பார்த்தால் வெண்கோடு. தங்க நகை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது குறையாகப் படுகிறது. குன்னூர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி நான் போட்டிருந்த தோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, ஓரத்துல முலாம் போயிருச்சுங்களே, கடைக்காரன் ஏமாத்திட்டானா?” என்று எனக்காக வருத்தப்பட்டார். செய்தது நான்தான் என்று சொன்னபோது அவர் முகத்தில் எழுந்த சங்கடத்தைப் பார்த்து நானே பேச்சை மாற்றிவிட்டேன்.

விளிம்பை மறைக்க வழிகள் உண்டு. மெல்லிய தகடானால் ஓரத்தைப் பின்பக்கமாக மடித்துத் தட்டிவிடலாம்; தடித்த தகடானால் ஓரத்தைச் சுற்றித் தங்கக் கம்பி ஓட்டலாம்; கல் பதிக்கும் கட்டடமானால் மேல்விளிம்பைக் கல்லின் மேல் சாய்க்கும்போது தங்கம் வெளியே தெரியுமாறு வைத்துக்கொள்ளலாம். நானும் இவற்றையெல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் மறைக்க மறைக்க அந்த நகை தங்க நகையின் மலிவான பதிப்பாகவே ஆகிவிடுகிறது. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் பார்ப்பவர் மனத்தில் “இது அது இல்லை” என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சும். வெண்கோட்டை வடிவத்தின் பகுதியாக எடுத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். தங்கத்தால் மட்டுமோ வெள்ளியால் மட்டுமோ செய்ய முடியாத ஒன்று கைக்கு வருகிறது.

ஆறு மில்லிமீட்டர் அகலப் பட்டையாக அறுத்து, பதப்படுத்தி, ஒரு முனையைப் பற்றுக்குறட்டில் இறுக்கி மறுமுனையை முறுக்கினால், ஒவ்வொரு புரியிலும் தங்கமும் வெள்ளியும் மாறி மாறி வருகின்றன. அரைக்கோளக் குழியில் வைத்துத் தட்டி, தங்கம் உள்ளே இருக்குமாறு கிண்ணம் எடுத்தால், வெள்ளை விளிம்புக்குள் மஞ்சள் ஒளி தேங்கி நிற்கும். தங்கத்தை வெளியே வைத்தால் அந்த அழகு வராது. தங்கப் பக்கத்தில் உளியால் ஐம்பது மைக்ரானைத் தாண்டி ஆழமாகக் கீறினால் வெண்கோடாகக் கோலம் விழும். தாண்டாமல் கீறினால் மஞ்சளிலேயே மஞ்சள் கோடாக நிற்கும். ஒரே உளி, கையின் அழுத்தம் மட்டும் வேறு. ஆழத்தைக் கைக்குப் பழக்குவதற்கு அதே தகட்டின் ஓரத்துண்டு ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

கோயம்புத்தூர் ஆசாரியிடம் இந்த வெண்கோட்டு வேலையைக் காட்டியபோது அவர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். அவர் எனக்கு முதல் நாளில் சொன்ன எச்சரிக்கை, “கண்ணு, அரத்தைத் தங்கப் பக்கம் கொண்டுட்டுப் போயிராதே, போனா வெள்ளி பல்லை இளிச்சிரும்” என்பது. அந்தப் பல்லிளிப்பையே நான் கோலமாக்கி வைத்திருப்பதை அவர் அவ்வளவாக ரசிக்கவில்லை என்று நினைக்கிறேன். “வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா கல்யாணத்துக்குப் போட மாட்டாங்க” என்றார். அதில் அவர் சொன்னது முழுக்கச் சரி. கல்யாணத்துக்கு யாரும் போடுவதில்லை.

போடுபவர்கள் வேறு நேரங்களில் போடுகிறார்கள். நீலகிரியில் வெள்ளி அந்நியமான உலோகம் அன்று. தோடர் பெண்களின் பழைய அணிகளில் வெள்ளிக்கு முக்கியமான இடம் உண்டு. இரும்பு வேலையோடு வெள்ளி வேலையும் செய்து மலையின் மற்ற மக்களுக்குக் கொடுத்தவர்கள் கோத்தர்கள். அப்படிப்பட்ட ஊரில் வெள்ளி தெரிகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் சமவெளியைவிடக் குறைவாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இது என் கல்லாப்பெட்டியிலிருந்து சொல்லும் அபிப்பிராயம் என்று எடுத்துக்கொண்டால் போதும். எங்களிடம் அதிகம் போவது சால்வை ஊசி. குளிர் ஊரில் அது அலங்காரத்தோடு தேவையும்கூட.

அந்த ஊசியின் வேலையைச் சற்று அருகில் காட்டுகிறேன். 0.6 மில்லிமீட்டர் தகட்டில் வேப்பிலை வடிவம் ஒன்றை அறுக்கிறேன். பற்கள் உள்ள ஓரம் முழுக்க அரத்தைத் தங்கப் பக்கத்திலிருந்து வெள்ளிப் பக்கம் நோக்கி மட்டுமே தள்ள வேண்டும், எதிர்த்திசையில் இழுத்தால் தங்கத்தின் விளிம்பு நுண்ணிய பிசிறாக மேலே எழும்பிச் சால்வை நூலைப் பிடித்து இழுக்கும். நடுநரம்பை உளியால் ஆழமாக ஒரே இழுப்பில் கீறி வெண்கோடாக்கி, கிளை நரம்புகளை ஆழமில்லாமல் மஞ்சளிலேயே விடுகிறேன். அரக்குக் கட்டையின் மேல் வெள்ளிப் பக்கத்தை மேலாக வைத்து இலையைச் சற்றே உப்ப வைத்து, ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் தங்கப் பக்கமாகச் சுருட்டிவிட்டால், இலை திரும்பும் இடத்தில் அதன் வெள்ளை அடிப்பக்கம் தெரியும். வேப்பிலையின் அடிப்பக்கமும் மேல்பக்கத்தைவிட வெளிறியதுதானே. ஆகவே தனியாக எதையும் சேர்க்காமல் தகடே இலையாகிவிடுகிறது. ஊசியையும் கொக்கியையும் பின்பக்கத்து வெள்ளியில் பற்றவைப்பதோடு தீ வேலை முடிகிறது.

பற்றவைப்பு எப்போதும் முடிந்தவரை வெள்ளிப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். வெள்ளிப் பொடி தங்கப் பக்கத்தில் ஒரு துளி ஓடினால் வெண்கறையாகத் தங்கிவிடும். அதோடு நில்லாமல் சூட்டில் தங்கத்தைத் தின்று பள்ளமும் ஆக்கும். தங்கப் பக்கத்தில் பற்றவைத்தே தீர வேண்டுமென்றால் குறைந்த சூட்டில் ஓடும் தங்கப் பொடிதான் வழி. காட்மியம் கலந்த பொடி எளிதாக ஓடும் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நஞ்சு. பொடி ஓட உதவும் வெங்காரத்தைப் பொடி வைக்கும் இடத்தில் மட்டும் தடவினால் போதாது. 925 வெள்ளியில் ஏழரைச் சதவீதம் செம்பு இருப்பதால், காற்றுப் பட்ட இடமெல்லாம் சூட்டில் செம்பு ஆக்சிஜனோடு கூடி, வெள்ளியின் தோலுக்குச் சற்றுக் கீழே ஊதா கலந்த சாம்பல் கறையாகப் படியும். சாதாரண வெள்ளி நகையில் அதை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து நீக்குவார்கள். இங்கே தேய்ப்பதற்கு இடமில்லாததால் வராமல் தடுப்பதே ஒரே வழி: போரிக் அமிலத்தை ஸ்பிரிட்டில் கரைத்து நகை முழுவதையும் அதில் முக்கி, ஸ்பிரிட்டை எரியவிட்டால் மாவு போன்ற வெண்படலம் எல்லா இடத்திலும் மூடிக்கொள்ளும். அதன் மேல்தான் வெங்காரமும் பொடியும்.

ஆறிய நகையை வெந்நீரில் கரைத்த எலுமிச்சை உப்பில் போட்டு எடுக்கிறேன். நீர்த்த கந்தகத் திராவகம் வேகமாக வேலை செய்யும் என்றாலும், காற்றோட்டம் குறைந்த சிறிய பட்டறையில் அதை வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. எதில் போட்டாலும் இரும்புச் சாவணத்தை உள்ளே விடக் கூடாது. கரைந்திருக்கும் செம்பு அத்தனையும் வெள்ளியின் மேல் சிவப்பாக ஏறிக்கொள்ளும்.

மெருகு ஏற்றுவதற்கு ஓடும் பஃப் சக்கரம் இந்தத் தகட்டின் எதிரி. அராவும் மெழுகு தடவிய சக்கரம் மேடான இடங்களில் தங்கத்தை நொடியில் தின்றுவிடும். உலோகத்தை அரிக்காமல் அழுத்தி மட்டும் பளபளப்பாக்கும் மெருகுக்கோல், அகேட் கல், பித்தளைக் கம்பித் தூரிகை, ஊறவைத்த பூந்திக்கொட்டை நுரை இவை போதும். தூரிகையை உலர்ந்தபடி தேய்த்தால் பித்தளையின் நிறம் நகையில் அப்பிக்கொள்ளும். நுரை வழிய வழியத் தேய்க்க வேண்டும். பூந்திக்கொட்டையைப் பற்றி ஆசாரிகளுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, புதிதாக வருபவர்களுக்காக எழுதினேன்.

கடைசியாக நிறம். பொட்டாசியமும் கந்தகமும் சேர்ந்த கரைசலில் முக்கினால் வெள்ளி முதலில் பொன்னிறமாகி, பழுப்பாகி, நீலமோடிக் கறுக்கும், தங்கம் மாறாது. வெண்கோட்டு வேலை கருங்கோட்டு வேலையாக மாறும் இந்த இடத்தில்தான் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மனம் மாறி வாங்குகிறார்கள். கரைசலை மிதமான சூட்டில் வைத்து, நீர்க்கக் கரைத்து, சிறிது சிறிதாக நனைத்து எடுத்தால் கறுப்பு அழுத்தமாகப் பிடிக்கும். கெட்டியாகக் கரைத்து ஒரே முக்கில் எடுத்தால் செதிளாக உதிரும். இந்தக் கரைசலுக்கான பொட்டாசியக் கந்தகக் கட்டி ஈரத்திலும் வெளிச்சத்திலும் வீரியம் இழந்துவிடும் என்பதால் மலையில் அதை இறுக மூடிய கருநிறப் புட்டியில் வைத்துக்கொள்வது அவசியம். கறுப்பாக்காமல் வெள்ளையாகவே வாங்கிச் செல்பவர்களிடம் ஒன்று சொல்லி அனுப்புகிறேன்: கம்பளியில் மூன்று நான்கு சதவீதம் கந்தகம் இயற்கையாகவே உண்டு, ஊசியைச் சால்வையில் குத்தியபடியே பெட்டியில் வைத்துப் பூட்டினால் வெள்ளி தானாகவே கறுத்துவிடும்.

விற்பனையில் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். நகைக் கடைகளில் வைத்திருக்கும் காரட் மீட்டர் எக்ஸ் கதிரால் மேற்பரப்பை மட்டும் படிக்கும் கருவி. தங்கத்தில் அது மிக மெல்லிய மேலடுக்குக்குக் கீழே எதையும் அறியாது. இரட்டைத் தகட்டின் தங்கப் பக்கத்தை அதன் கீழே வைத்தால் 22 காரட்டுக்கு உரிய 91.6 சதவீதம் என்றே காட்டும். உரைகல்லில் மென்மையாக உரைத்தாலும் அதே மாற்றுத்தான் தெரியும். நீரில் மூழ்கவைத்து எடை பார்த்தால் மட்டும் உண்மை வெளியே வரும்: 17.7 இருக்க வேண்டிய அடர்த்தி 11 அளவில் நிற்கும். விளிம்பை மறைத்துச் செய்த ஒரு நகை கை மாறி அடகுக் கடைக்குப் போனால் அங்கே என்ன நடக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம். வெள்ளி வெளியே தெரியும்படி செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அழகு பாதிக் காரணம், இது பாதிக் காரணம். பில்லில் “925 வெள்ளி நகை, ஒரு பக்கம் 22 காரட் தங்கத் தகடு ஒட்டியது” என்று எழுதி, தங்கத்தின் எடையையும் வெள்ளியின் எடையையும் தனித்தனியாகக் குறித்துக் கொடுக்கிறேன். “அடகு வெச்சா எவ்வளவு தருவாங்க?” என்ற கேள்வி வாரந்தோறும் வரும். வெள்ளி விலைக்குத்தான் எடுப்பார்கள், அதற்கும் எடுக்காமல் போகலாம் என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் அங்கேயே நகையை வைத்துவிட்டுப் போவார்கள், போகட்டும்.

துண்டுகளும் அரத்தூளும் வீணாவதில்லை. இரட்டைத் தகட்டின் தூளுக்குத் தனி டப்பா, வெள்ளித் தூளுக்குத் தனி டப்பா. இரண்டும் கலந்தால் கணக்கு போயிற்று. தங்கத்தை வெள்ளியிலிருந்து வெடியுப்புத் திராவகத்தால் (நைட்ரிக் அமிலத்தால்) பிரிக்க வேண்டுமானால் கலவையில் தங்கம் ஏறக்குறைய கால் பங்குக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதிகமிருந்தால் தங்கம் வெள்ளியைச் சூழ்ந்துகொண்டு திராவகத்தை உள்ளே விடாது, அதற்காகவே கூடுதல் வெள்ளி சேர்த்து உருக்குவார்கள். பத்தில் ஒரு பங்குத் தகட்டை உருக்கினால் அதில் தூய தங்கம் எடையில் பதினைந்து சதவீதத்துக்குச் சற்றுக் கீழே என்பதால், எதையும் சேர்க்காமலே பிரித்துவிடலாம்: வெள்ளியும் செம்பும் கரைந்துபோக, தங்கம் பழுப்பு நிறப் பொடியாக அடியில் நிற்கும். அப்போது எழும் செம்பழுப்புப் புகை கொடிய நஞ்சு. அந்த வேலையை நான் வீட்டோடு இணைந்த பட்டறையில் வைத்துக்கொள்ளாமல், டப்பா நிறைந்ததும் கோயம்புத்தூருக்கே அனுப்பிவிடுகிறேன்.

மோதிரம் செய்யலாமா என்று கேட்டு எழுதியவர்களுக்கு: பத்தில் ஒரு பங்குத் தகட்டில் தங்கத்தை வெளிப்புறம் வைத்துச் செய்ய வேண்டாம். மோதிரத்தின் மேடான இடங்கள் பாத்திரத்திலும் வண்டியின் கைப்பிடியிலும் கதவிலும் ஓயாமல் உரசிக்கொண்டிருப்பவை. ஐம்பது மைக்ரான் அதைத் தாங்காது. தங்கத்தைக் குழிவான நடுப்பட்டையில் வைத்து, இரு பக்கமும் வெள்ளி வரம்பு எழுப்பிச் செய்தால் உரசலை வெள்ளி வாங்கிக்கொள்ளும். அல்லது தங்கம் மூன்றில் ஒரு பங்கு உள்ள தகட்டை ஒரு மில்லிமீட்டரிலேயே வைத்துப் பயன்படுத்தலாம். விலை ஏறும், ஆனால் முந்நூறு மைக்ரானுக்கு மேல் தங்கம் இருக்கும்போது அரத்தைக்கூடப் பயமில்லாமல் எடுக்கலாம். அதற்கான தகடு ஒன்றை இப்போது ஒட்டக் கொடுத்திருக்கிறேன், மழை விட்டதும் உருட்ட வேண்டும்.